அண்டத்தின் வயதை அளந்தவாறு

கல்லூரி ஒன்றிற்கு ஆண்டு நிறைவு விழா எடுப்போர் அதன் வயதை ஐயமின்றிக் கூறுதற்குச் சான்றுகள் பல உள. அடிக்கல்லிற் பொறித்த ஆண்டு, முதன்முதற் சேர்ந்த மாணவரின் பெயர் எழுதிய இடாப்பு, பழைய அறிக்கைகள், முதியோர் நினைவு என்பன அவற்றுட் சில. ஒன்றிற் பிழை நேரின் மற்றொன்று அதனைத் திருத்தும். ஆனால், கல்லூரியும் ஊரும் நாடும் உலகும் தன்னுள் அடங்க விரிந்து கிடக்கும் இவ்வண்டத்திற்கு வயது யாது? அதற்கு இடாப்பு எழுதி வைத்தார் யார்? அது தோன்றிய பொழுது உடனிருந்து கண்டார் ஒருவரும் இலர். அங்ஙனமாகவும், அண்டம் விரியத் தொடங்கி ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள் ஆயின என வானியலார் துணிந்து கூறுகின்றனர்.

இவ்வெண்ணை மனனஞ் செய்தல் எளிது. பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறுதலும் எளிது. ஆயின், அதனால் மாணவன் ஒன்றை அறிந்தவன் ஆவானோ? பொருள்களை அறிதற்கு நம் நூலோர் காண்டல், கருதல், உரை என அளவைகள் வகுத்தனர். கண்ணாற் காண்பது காண்டல். புகையைக் கண்டு நெருப்பு உண்டெனத் துணிவது கருதல். நம்பத்தகுந்தோர் சொல்லக் கேட்டு ஏற்பது உரை. 1,380 கோடி என்னும் எண்ணை மட்டும் கேட்டு வைத்திருப்பவன் உரையளவில் நிற்கின்றான். அவ்வெண்ணைக் கண்டவரோ காண்டலினின்று புறப்பட்டுக் கருதலாற் சென்று சேர்ந்தவர். அவர் சென்ற வழி நேர்வழியும் அன்று. இருமுறை பெரிதும் இடறிப் பின்னரே இலக்கை அணுகியது. தமிழாசிரியர் ஒருவர் வானியல் பற்றி எழுதப் புகுதல் என்னை எனின், எண்ணிலும் அவ்வழியே மாணவர்க்கு இன்றியமையாதது என்பதும், அதனைத் தமிழிற் சொல்லுதல் கூடும் என்பதுமே விடையாம்.

உலகின் வயது

அண்டத்தின் வயதை ஆராய்வதற்கு முன்னர், நாம் நிற்கும் உலகின் வயதை அறிதல் முறை. 1650ஆம் ஆண்டில் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் என்பார் விவிலிய நூலிற் கண்ட தலைமுறைகளைக் கணக்கிட்டு, உலகம் கிறிஸ்துவுக்கு முன் 4004ஆம் ஆண்டிற் படைக்கப்பட்டது என்றார். அஃது உரையளவையாற் பெற்ற முடிபு. 1862ஆம் ஆண்டில், பிற்காலத்திற் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தொம்சன் வேறொரு வழி கண்டார். உலகம் உருகிய குழம்பாகத் தொடங்கி ஆறிவந்தது எனக் கொண்டு, இன்றைய நிலையை அடைதற்கு 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் வரை சென்றிருக்கும் எனக் கணித்தார். உயிர்களின் வளர்ச்சியை ஆராய்ந்த டார்வினுக்கும், பாறைப் படைகளை ஆராய்ந்தோர்க்கும் அக்காலம் போதவில்லை. எனினும், கெல்வினின் கணிதத்திற் குற்றம் காண்டல் அரிதாயிருந்தது.

குற்றம் கணிதத்தில் அன்று, கணிதம் தொடங்கிய இடத்திலேயே இருந்தது. உலகின் ஆழத்திலே வெப்பத்தை எடுத்துச் செல்லும் பொருளோட்டம் அவர் கணக்கில் இடம்பெறவில்லை. யுரேனியம் போன்ற மூலகங்கள் தாமே சிதைந்து வெப்பம் விடும் கதிர்த்தொழிற்பாடு 1896இலேதான் கண்டறியப்பட்டது. அச்சிதைவே நல்லதோர் மணிக்கூடும் ஆயிற்று. யுரேனியம் மாறா விரைவிற் சிதைந்து ஈயமாகின்றது. ஆதலின், ஒரு பாறையில் எத்துணை யுரேனியம் எஞ்சியுள்ளது, எத்துணை ஈயம் விளைந்துள்ளது என அளந்தால் பாறையின் வயது பெறப்படும். 1907இல் போல்ற்வூட் என்னும் அமெரிக்கர் இம்முறையால் 200 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட வயதையும் கண்டார். 1956இல் கிளேயர் பற்றர்சன் விண்கற்களிலுள்ள ஈயத்தை அளந்து, உலகின் வயது 455 கோடி ஆண்டு என நிறுவினார். அம்முடிபு இன்றுவரை பெரிதும் மாறவில்லை. அண்டத்தின் வயது எதுவாயினும், அஃது இதனிற் குறைதல் இயலாது. இதனை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்.

ஒளி என்னும் தூது

விண்ணைப் பற்றி நாம் அறிந்தவற்றுட் பெரும்பாலன ஒளி கொணர்ந்த செய்திகளே. ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். அத்துணை விரைவினதாயினும் அதன் செலவிற்குக் காலம் வேண்டும். திங்களின் ஒளி நம்மை அடைய ஒன்றேகாற் செக்கனும், ஞாயிற்றின் ஒளி அடைய எட்டு நிமிடத்துக்குச் சிறிது மேலும் செல்லும். ஞாயிற்றுக்கு அடுத்தபடியாக நமக்கு அண்மையிலுள்ள விண்மீனின் ஒளி வந்துசேர நாலேகால் ஆண்டாகும். ஓராண்டில் ஒளி செல்லும் தொலைவே ஓர் ஒளியாண்டு. அஃது ஏறக்குறைய ஒன்பதரை இலட்சம் கோடி கிலோமீற்றர். ஆதலால், தொலைவிலுள்ளதைக் காண்டல் பழமையைக் காண்டலே ஆகும். இவ்வொரு வசதி வரலாற்றாசிரியருக்கு இல்லை. அசோகன் காலத்தை எழுதுவோர் கல்வெட்டை நாடவேண்டும். வானியலாரோ கடந்த காலத்தை நேரே நோக்குவர்.

ஒளி காலச் செய்தியோடு வேறு செய்தியையும் கொணரும். அரியத்தினூடே செலுத்தப்பட்ட ஒளி நிறமாலையாக விரியும். அம்மாலையில் இடையிடையே கருங்கோடுகள் காணப்படும். ஐதரசன், சோடியம், இரும்பு என ஒவ்வொரு மூலகத்துக்கும் உரிய கோடுகள் வெவ்வேறாகும். ஒளிதரும் பொருள் நம்மைவிட்டு விலகிச் செல்லுமாயின், அதன் கோடுகள் தமக்குரிய இடத்தினின்று செந்நிறப் பக்கமாக நகர்ந்திருக்கும். இதனைச் செந்நகர்ச்சி என்பர். எத்துணை நகர்ந்தது என அளந்தால், எத்துணை விரைவில் விலகுகின்றது என்பது புலனாகும்.

தொலைவை அளந்த விளக்குகள்

விரைவை அறிதற்கு நிறமாலை உதவிற்று. தொலைவை அறிதலே அரிதாயிருந்தது. முகத்துக்கு முன் ஒரு விரலை நிறுத்தி, கண்களை மாறிமாறி மூடிப் பார்த்தால், பின்னுள்ள சுவரில் விரல் இடம்பெயர்வது போலத் தோன்றும். உலகம் ஞாயிற்றைச் சுற்றுவதால் அண்மை விண்மீன்களும் அவ்வாறே சிறிது இடம்பெயர்ந்து தோன்றும். இம்முறையால் 1838இல் ஜேர்மனியரான பெசல் முதன்முதலாக ஒரு விண்மீனின் தொலைவை அளந்தார். ஆயின், தொலைவு மிக மிக இடப்பெயர்ச்சி நுண்ணிதாகிக் கருவிக்கு எட்டாது ஒழியும்.

அதற்கப்பாற் செல்ல வழி காட்டியவர் ஹென்றியேற்றா லீவிற் என்னும் பெண்மணி. அமெரிக்காவின் ஹாவாட் வானாய்வு நிலையத்திலே புகைப்படத் தட்டுக்களை ஒப்புநோக்கும் பணியில் அவர் அமர்ந்திருந்தார். ஒளி கூடியும் குறைந்தும் மாறும் செபீட் என்னும் விண்மீன் வகையை அவர் ஆராய்ந்தார். சிறிய மகெலன் முகிலில் உள்ளனவாகிய அவ்வகை விண்மீன்கள் இருபத்தைந்தை எடுத்து நோக்கியபோது, ஒளி மிக்கவை மெல்ல மாறுதலையும், ஒளி குறைந்தவை விரைந்து மாறுதலையும் கண்டு, 1912இல் வெளியிட்டார். அவையெல்லாம் ஒரே முகிலில் ஏறக்குறைய ஒரே தொலைவில் இருத்தலின், இவ்வேறுபாடு அவற்றின் இயல்பான ஒளிவேறுபாடே என்பது தெளிவாயிற்று.

இதன் பயன் யாதெனின், தெருவிலே தொலைவில் எரியும் விளக்கு ஒன்றின் உண்மையான வலு நமக்குத் தெரியுமாயின், அது மங்கித் தோன்றும் அளவைக் கொண்டு தொலைவைக் கணிக்கலாம். தொலைவு இருமடங்காயின் ஒளி நாலில் ஒன்றாகும். மும்மடங்காயின் ஒன்பதில் ஒன்றாகும். செபீட் விண்மீன் எத்தனை நாளுக்கொருமுறை மாறுகின்றது என எண்ணினால் அதன் வலு தெரியும். வலு தெரியின் தொலைவு தெரியும்.

1923ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் கலிபோர்ணியாவின் வில்சன் மலையிலே, இரண்டரை மீற்றர் விட்டமுள்ள ஆடி பொருந்திய தொலைகாட்டியால் எட்வின் ஹபிள் அந்திரோமீடா என்னும் வான்முகிலை நோக்கி, அதனுள் ஒரு செபீட் விண்மீனைக் கண்டார். அதன் தொலைவு ஏறக்குறைய ஒன்பது இலட்சம் ஒளியாண்டு எனக் கணித்தார். எனவே, அது நமது பால்வீதியினுள் அடங்கிய முகில் அன்று. பால்வீதியைப் போன்ற மற்றொரு விண்மீன்திரள் என்பது முடிபாயிற்று. அதுகாறும் ஒன்றெனக் கருதப்பட்ட திரள் பலவாயின.

விரியும் அண்டம்

இதற்கு முன்னரே, அரிசோனாவிலுள்ள லோவல் நிலையத்தில் வெஸ்ரோ சிலைபர் இத்தகைய வான்முகில்களின் நிறமாலைகளை எடுத்து, அவற்றுட் பெரும்பாலானவை நம்மைவிட்டு விலகுகின்றன எனக் கண்டிருந்தார். ஐன்ஸ்ரைனின் ஈர்ப்புக் கொள்கையைக் கொண்டு 1922இல் இரஷியரான பிரீட்மனும், 1927இல் பெல்ஜிய நாட்டுக் குருவானவர் ஜோர்ஜ் லெமேத்தரும் அண்டம் விரிந்துகொண்டிருத்தல் கூடும் எனக் கணிதத்தாற் காட்டினர். லெமேத்தர் சிலைபரின் விரைவுகளையும் ஹபிளின் தொலைவுகளையும் சேர்த்து விரிவின் அளவையும் கணித்தார். அவரது கட்டுரை பிரெஞ்சு மொழியில் அதிகம் பரவாத வெளியீடொன்றில் வந்தமையின் பலர் அறியவில்லை. 1929இல் ஹபிள் தம் அளவைகளை வெளியிட்டபோது உலகம் அறிந்தது. லெமேத்தரின் பங்கை மதித்து, அனைத்துலக வானியல் ஒன்றியம் 2018இல் இவ்விதிக்கு ஹபிள்–லெமேத்தர் விதி என்னும் பெயரைப் பரிந்துரைத்தது.

விதி இது: ஒரு திரள் எத்துணைத் தொலைவில் உளதோ அத்துணை விரைவில் விலகும். இதனை விளங்க, ஓர் இறப்பர் நாடாவில் அங்குலத்துக்கொரு புள்ளியாக மையாற் குறியிட்டு, நாடாவை இருமடங்காக இழுக்க. முதற்புள்ளியிலிருந்து நோக்கினால், இரண்டாம் புள்ளி ஓரங்குலம் விலகியிருக்கும். பதினோராம் புள்ளி பத்தங்குலம் விலகியிருக்கும். இடையிலுள்ள எப்புள்ளியிலிருந்து நோக்கினும் இங்ஙனமே தோன்றும். எப்புள்ளியும் தன் இடத்தைவிட்டு ஓடவில்லை, நாடாவே நீண்டது. அண்டமும் அவ்வாறே. அதற்கு நடுவிடம் என ஒன்று இல்லை. வெற்றிடத்தில் ஏதோ ஓரிடத்திற் குண்டு வெடித்துச் சிதறியது என எண்ணுதல் பிழை.

இனி வயதைக் கணித்தல் எளிது. ஹபிளின் அளவைப்படி, 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள திரள் செக்கனுக்கு ஏறக்குறைய 500 கிலோமீற்றர் விரைவில் விலகும். ஒளியின் விரைவு 3,00,000 கிலோமீற்றர். ஆகவே, திரளின் விரைவு ஒளியின் விரைவில் 600இல் ஒன்று. அத்தொலைவைக் கடக்க ஒளிக்கு 32.6 இலட்சம் ஆண்டு வேண்டுமாயின், திரளுக்கு அதன் 600 மடங்கு, அஃதாவது 195.6 கோடி ஆண்டு வேண்டும். இருமடங்கு தொலைவிலுள்ளது இருமடங்கு விரைவில் விலகலின் அதற்கும் அதே காலமே. எல்லாத் திரள்களும் ஒருங்கு நெருங்கியிருந்த காலம் ஏறக்குறைய 200 கோடி ஆண்டுக்கு முந்தியது என்பது இதனாற் பெறப்பட்டது.

தந்தையிலும் மூத்த மகன்

பெறப்பட்டதும் இடர் தோன்றிற்று. பாறைகளை அளந்தோர் 1940களில் உலகின் வயது 300 கோடி ஆண்டுக்கு மேல் என்றனர். அண்டத்தின் வயதோ 200 கோடி. மகன் தந்தையிலும் மூத்தவனாதல் யாங்ஙனம்? இரண்டிலொன்று பிழை, அன்றேல் இரண்டையும் பிணைத்த கொள்கை பிழை.

கொள்கையே பிழை என்றனர் கேம்பிரிட்ஜிலே பொண்டி, கோல்ட், ஹொயில் என்னும் மூவர். அண்டத்துக்குத் தொடக்கமே இல்லை. அது விரியுந்தோறும் புதிய பொருள் சிறுகச் சிறுகத் தோன்றி இடைவெளியை நிரப்பும். ஆதலின் அஃது என்றும் ஒரு தன்மைத்து என 1948இல் நிலைபேற்றுக் கொள்கையை வெளியிட்டனர். எதிர்க்கொள்கையைப் பெருவெடிப்பு என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடராற் சுட்டியவரும் ஹொயிலே, 1949இல் பீ.பீ.சீ. வானொலிப் பேச்சில் அவர் வழங்கிய அத்தொடரே பின்னர் அக்கொள்கைக்குப் பெயராய் நிலைத்தது.

இடர் தீர்ந்த வழியோ வேறு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து விளக்குகள் மறைக்கப்பட்டமையால் வில்சன் மலையின் வானம் இருண்டது. ஜேர்மனியிற் பிறந்தவராதலின் போர்ப்பணியிற் சேர்க்கப்படாத வோல்ற்றர் பாடே, அவ்விருளைப் பயன்படுத்தி அந்திரோமீடாவின் நடுப்பகுதியிலுள்ள விண்மீன்களைத் தனித்தனியே பிரித்துக் கண்டார். விண்மீன்கள் இளையன, முதியன என இரு குடியின என்பதும், செபீட் வகையிலும் அவ்விரு குடி உண்டு என்பதும் அவர் ஆய்வாற் புலனாயின. ஒன்றன் வலுவை மற்றொன்றன் வலுவாக மயங்கியதாலேயே தொலைவு குறைந்தது. மங்கிய விளக்கு என எண்ணியது வலிய விளக்கு. ஆகவே அது மிகத் தொலைவிலுள்ளது. 1952இல் உரோமாபுரியிற் கூடிய வானியலார் பேரவையிற் பாடே இதனை அறிவித்தபோது, விண்மீன்திரள்களின் தொலைவெல்லாம் இருமடங்காயின. அண்டத்தின் வயதும் இருமடங்காயிற்று. 1958இல் அலன் சாண்டேஜ், தொலைத் திரள்களில் ஹபிள் தனி விண்மீன் என எடுத்தவற்றுட் பல ஒளிவிடும் ஐதரசன் முகில்களே எனக் காட்டி, 500 என்ற எண்ணை 75 ஆகக் குறைத்தார். மேற்கண்ட கணக்கை அவ்வெண்ணாற் செய்து பார்க்கும் மாணவர் ஏறக்குறைய 1,300 கோடி ஆண்டு எனக் காண்பர். மகன் தந்தைக்கு இளையவனாயினான்.

வெப்பம் பகர்ந்த சான்று

இதனால் நிலைபேற்றுக் கொள்கைக்கு இருந்த முதற்காரணம் நீங்கிற்று, கொள்கை நீங்கவில்லை. அதனைத் தீர்த்தது வேறொரு சான்று. அண்டம் முன்னர்ச் செறிந்திருந்ததாயின் வெப்பம் மிக்கும் இருந்திருக்கவேண்டும். அவ்வெப்பத்தின் எச்சம் இன்றும் எத்திசையினும் பரந்திருத்தல் வேண்டும் என அல்பரும் ஹேர்மனும் 1948இலே கணித்து, அதன் இன்றைய வெப்பநிலை ஏறக்குறைய 5 கெல்வின் என்றனர். அதனைத் தேட ஒருவரும் அன்று முற்படவில்லை.

1964இல் நியூ ஜேர்சி மாநிலத்து ஹொல்ம்டெல் என்னுமிடத்திலே, தொலைபேசி நிறுவனமொன்றின் ஆய்கூடத்தைச் சேர்ந்த பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் கொம்பு வடிவினதான அலைவாங்கி ஒன்றை ஆய்வுக்குப் பக்குவஞ் செய்தனர். அதில் ஒரு மெல்லிய இரைச்சல் இடையறாது கேட்டது. எத்திசை நோக்கித் திருப்பினும், பகலாயினும் இரவாயினும், பருவம் மாறினும் இரைச்சல் மாறவில்லை. உள்ளே கூடு கட்டிய புறாக்களையும் அகற்றி, அவற்றின் எச்சத்தையும் துடைத்தனர். இரைச்சல் நிற்கவில்லை. அண்மையிலிருந்த பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்து டிக்கியும் அவர் குழுவினரும் இத்தகைய கதிர்வீச்சைத் தேடுதற்குக் கருவி அமைத்துக்கொண்டிருந்தனர். இரு சாராரும் கலந்தபோது இரைச்சலின் பொருள் விளங்கிற்று. 1965இல் இரு கட்டுரைகளும் ஒருங்கு வெளிவந்தன. அண்டத்தின் பழைய வெப்பமே நீண்டு குளிர்ந்து நுண்ணலையாகி அக்கருவியில் ஒலித்தது. 1989இல் ஏவப்பட்ட கோபி என்னும் செய்மதி அதன் வெப்பநிலையை ஏறக்குறைய 2.73 கெல்வின் என நுட்பமாக அளந்தது.

மற்றொரு சான்றும் இதனோடு ஒத்தது. அண்டத்தின் முதற் சில நிமிடங்களில் அணுக்கருக்கள் உருவாயினவாயின், பொருளின் நிறையில் ஏறக்குறைய நாலில் ஒருபங்கு ஈலியமாகவும், எஞ்சியதிற் பெரும்பாலும் ஐதரசனாகவும் இருத்தல் வேண்டும் எனக் கணக்குக் காட்டும். விண்மீன்களையும் முகில்களையும் ஆராய்ந்தவிடத்து அவ்வளவே காணப்பட்டது. விரிவு, வெப்பம், ஈலியம் என்னும் மூன்று சாட்சிகளும், ஒன்றையொன்று அறியாதனவாயிருந்தும், ஒரே கதையைச் சொல்லின. வழக்குமன்றிலும் இத்தகைய சாட்சியத்துக்கே மதிப்பு மிகுதி.

இரண்டாம் இடறல்

பழைய இடர் 1990களில் மீண்டும் தலைகாட்டிற்று. விண்மீன்களின் ஈர்ப்பு விரிவைத் தடுத்துக்கொண்டே வருமாயின், விரிவு முன்னர் விரைந்தும் பின்னர் மெலிந்தும் இருத்தல் வேண்டும். ஆகவே கடந்த காலம் எளிய கணக்கிலும் குறையும். 1994இற் பெற்ற அளவொன்று அங்ஙனங் கொண்டால் 800 கோடி ஆண்டளவே தந்தது. ஆனால், கோளக்கொத்துக்கள் எனப்படும் முதுவிண்மீன் கூட்டங்களின் வயது 1,400 கோடிக்கு மேல் என மதிக்கப்பட்டிருந்தது. மகன் மீண்டும் மூத்தவனாயினான்.

இதனைத் தீர்த்த கதையிலே தமிழர் ஒருவர் பெயரும் வருகின்றது. சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல், தமது பத்தொன்பதாம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும்போது ஒரு கணக்கைச் செய்தார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறளி என்னும் விண்மீன் எத்துணை நிறையையும் தாங்காது. ஞாயிற்றின் நிறையில் ஏறக்குறைய 1.4 மடங்கே அதன் எல்லை என்பது அதன் முடிபு. அக்காலத்துப் பேரறிஞரான எடிங்ரன் 1935இற் சபை நடுவே இதனை எள்ளினார். எள்ளியவர் பெரியவர் என்பதனாற் கணக்குப் பொய்யாகவில்லை. 1983இல் சந்திரசேகருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

துணை விண்மீனிடமிருந்து பொருளை ஈர்த்து அவ்வெல்லையை அணுகும் வெண்குறளி வெடித்துச் சிதறுதல் உண்டு என்பர். அத்தகைய வெடிப்புக்கள் ஏறக்குறைய ஒத்த வலுவின. ஒளி மங்கும் விரைவைக் கொண்டு அவ்வலுவைத் திருத்தமாகவும் மதிப்பிடலாம். எனவே, செபீட் எட்டாத் தொலைவுக்கும் அவை அளவு விளக்காயின. 1998இல் பேர்ள்மற்றர் தலைமையில் ஒரு குழுவும், ஷிமிற், றீஸ் என்போரைக் கொண்ட மற்றொரு குழுவும் தொலைவெடிப்புக்களை ஆராய்ந்து, அவை எதிர்பார்த்ததிலும் மங்கியிருத்தலைக் கண்டனர். விரிவு மெலியவில்லை, விரைந்துகொண்டே செல்கின்றது என்பது பெறப்பட்டது. முன்னர் மெல்ல விரிந்ததாயின் கடந்த காலம் நீளும். ஹிப்பார்க்கஸ் செய்மதியின் அளவைகளாற் கொத்துக்களின் வயதும் சிறிது குறைந்தது. இடர் மீண்டும் தீர்ந்தது.

இறுதியாக, நுண்ணலை வெப்பத்திலுள்ள மிக நுண்ணிய ஏற்றத்தாழ்வுகள் ஆராயப்பட்டன. அவை இலட்சத்தில் ஒருபங்கு அளவின. பறையின் ஒலியைக் கேட்டு அதன் அளவையும் தோலின் விறைப்பையும் கருதுதல் போல, அவ்வேற்றத்தாழ்வின் பாங்கிலிருந்து அண்டத்தின் உள்ளீட்டையும் வயதையும் கருதலாம். அமெரிக்கரின் செய்மதி 2003இல் 1,370 கோடி என்றது. ஐரோப்பியரின் பிளாங் செய்மதி 2013இல் 1,380 கோடி என்றது.

வரலாற்றின் சுருக்கம்

இச்சான்றுகளாற் பெறப்படும் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். முதற் சில நிமிடங்களில் ஐதரசன், ஈலியம் என்பவற்றின் கருக்கள் அமைந்தன. ஏறக்குறைய 3,80,000 ஆண்டளவில் வெப்பநிலை 3,000 கெல்வினுக்குத் தாழ, இலத்திரன்கள் கருக்களோடு கூடி அணுக்களாயின. அதுவரை மூடுபனி போலிருந்த அண்டம் தெளிந்து ஒளி தடையின்றிச் சென்றது. அவ்வொளியே இன்று நுண்ணலையாகக் கேட்பது. பின்னர் விண்மீன் இல்லா இருட்காலம். கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்தபின் முதல் விண்மீன்கள் தோன்றின. 2021இறுதியில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி, அண்டத்துக்கு 30 கோடி ஆண்டு நிறையுமுன் விளங்கிய திரளையும் கண்டுள்ளது.

விண்மீன்களின் உள்ளேயும் அவற்றின் அழிவிலும் காபன், ஒட்சிசன், இரும்பு முதலியன ஆக்கப்பட்டன. இதனை 1957இல் விரித்துக் காட்டிய நால்வருள் ஹொயிலும் ஒருவர். தம் அண்டக் கொள்கையில் தோற்றவர் இதில் வென்றார். அவ்வாறு ஆக்கப்பட்டவை விண்ணிற் கலந்து, மீண்டும் திரண்டு, ஏறக்குறைய 460 கோடி ஆண்டுக்கு முன் ஞாயிறும் அதன் கோள்களும் ஆயின. நம் குருதியைச் சிவப்பாக்கும் இரும்பு அங்ஙனம் வந்ததே.

தீராத வழக்கு

எல்லாம் அறிந்தாயிற்று என எண்ணுதல் தகாது. அண்டத்தின் உள்ளீட்டில் நாம் அறிந்த அணுப்பொருள் நூற்றுக்கு 5 பங்களவே. ஏறக்குறைய 27 பங்கு ஒளிவிடாக் கரும்பொருள். 68 பங்கு விரிவை விரைவிக்கும் கருஞ்சத்தி. இவை இரண்டும் யாவை என்பது இன்னும் துணியப்படவில்லை. விரிவின் அளவிலும் வழக்கு உண்டு. நுண்ணலையைக் கொண்டு கருதினால் ஏறக்குறைய 67 எனவும், செபீட்டையும் வெடிப்புக்களையும் கொண்டு அளந்தால் ஏறக்குறைய 73 எனவும் வருகின்றது. பழைய 500க்கும் 75க்கும் இடையிலிருந்த வேறுபாட்டோடு நோக்க இது சிறிதே. ஆயினும், அளவைகள் நுண்ணியவாதலின் புறக்கணித்தற்கு உரியதன்று. இதனுள் மூன்றாம் இடறல் ஒன்று கிடக்கின்றதோ என ஆராய்வோர் பலர். வயது என்னும் சொல்லும் வெப்பமும் செறிவும் மிக்க அந்நிலையிலிருந்து எண்ணிய காலத்தையே குறிக்கும். அதற்கு முன் யாது என்னும் வினாவுக்கு மேற்கூறிய சான்றுகள் விடை தரமாட்டா.

இந்துக் கல்லூரி மாணவர்க்கு மற்றொன்றும் கூறவேண்டும். புராணங்கள் ஒரு கற்பத்துக்கு 432 கோடி ஆண்டு எனக் கணக்கிட்டன. காலத்தை அத்துணைப் பெரிதாக நினைந்த முன்னோரின் உள்ளப் பெருமை போற்றற்குரியது. ஆயின், அவ்வெண்ணை உலகின் வயதாகிய 455 கோடியோடு சேர்த்து வைத்து, எல்லாம் நம் முன்னோர் கூறியவே என மேடையில் முழங்குதல் அறிவுக்கும் அழகன்று, சமயத்துக்கும் அழகன்று. கற்பம் ஈயத்தை அளந்து பெற்ற எண் அன்று. இன்று ஒத்தது எனக் காட்டுவோர், நாளை அளவை திருந்தியபோது யாது செய்வர்? ஒவ்வோர் அளவைக்கும் அதனதன் எல்லை உண்டு எனக் கற்பித்ததே நம் அளவை நூல்களின் சிறப்பு.

அறிஞர் பலர் இடறினர். கெல்வினும் ஹபிளும் எடிங்ரனும் அவருள் அடங்குவர். அவர்தம் பெயரின் பெருமையால் ஒரு முடிபும் நிலைக்கவில்லை. இளைஞர் ஒருவரின் கணக்கும், குறைந்த ஊதியத்திற் புகைப்படத் தட்டை நோக்கிய பெண்மணியின் பொறுமையும் நிலைத்தன. ஆதலின், மாணவர் ஒரு முடிபைக் கேட்டவுடன், இதனை அறிந்தவாறு எங்ஙனம் என வினவும் வழக்கத்தைக் கைக்கொள்வாராக. ஆசிரியரும் அவ்வினாவை வரவேற்பாராக.

முதற்காண்டலுக்குப் பெருங்கருவியும் வேண்டுவதில்லை. மழை ஓய்ந்த தை மாதத்திலே, நிலவில்லாத முன்னிரவில், ஊர் விளக்குகளுக்கு அப்பாற் சென்று, நன்கு தெரிந்தார் ஒருவர் துணையோடு வடமேற்கு வானை நோக்குக. மங்கிய வெண்புகை போல ஒரு சிறு படலம் வெறுங்கண்ணுக்கே தோன்றும். அதுவே அந்திரோமீடா. இன்றைய அளவைப்படி அதன் தொலைவு 25 இலட்சம் ஒளியாண்டு. கண்ணிற் படும் அவ்வொளி புறப்பட்டபோது நம்மையொத்த மனிதர் இவ்வுலகில் இல்லை. அதனைக் கண்டபின், அத்தொலைவை அளந்தவாறு எங்ஙனம் எனத் துணைவருக்கு விளக்கிக் கூற முயல்க. கூற முடியுமாயின், அம்மாணவன் உரையைக் கடந்து கருதலுட் புகுந்தான் என்க.